இமோஜீனும் கல்லறைத் தோட்டத்துக் கரையும்

இன்ஜினை அணைக்காமலேயே இறங்கிப் போய்விடுவாள். பொக்லைனின் கை பாதிக் குழிக்குள் தொங்கும். டீசல் புகை ஜன்னல் வழியாகச் சமையலறைக்குள் நுழையும். செப்டிக் டேங்குக்குக் குழி வெட்டச் சொன்ன வீட்டுக்காரன் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்ப்பான். இமோஜீன் அதற்குள் ஓடைக்கரையில் போய்க் குந்தியிருப்பாள். ஒரு நாணல் தண்டின் உறையை நகத்தால் நெம்பிப் பார்த்து, அடிமண்ணைக் கிள்ளி முகர்ந்து, அடுத்த தண்டுக்கு நகர்வாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். பொறுக்க முடியாமல் ஒரு சின்னக் கல்லை எறிந்து கூப்பிட்ட ஒருவரை எனக்குத் தெரியும். அந்தக் கல்லையும் எடுத்து முகர்ந்து பார்த்தாளாம்.

என் வீட்டில் இரண்டு நாள் வேலைக்கு ஆறு நாள் எடுத்துக்கொண்டாள். ஆறு நாளும் நானும் என் மனைவி லெனோராவும் கழிப்பறைக்காகக் கால் மைல் தள்ளியிருக்கும் மைத்துனி வீட்டுக்கு நடந்தோம். நவம்பர் மாதம், பனி வேறு. நான்காம் நாள் காலையில் வாய்விட்டுக் கேட்டேன்.

"இமோஜீன், நீ குழி வெட்ட வந்தியா, புல்லு மேய வந்தியா?"

"உன் ஓடைக்கரையில நாணல் இருக்கு, ரூஃபஸ். பதினோரு தண்டு. உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாம இருக்கறதே நல்லது. நீ அதுக்கு ஒண்ணும் செய்யாத."

இவ்வளவுதான் பதில். குழியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அவளும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. இப்போது இருவருக்கும் அறுபத்தொன்று. குள்ளம், அகலமான தோள், ஆண்கள் போடும் ரப்பர் பூட்ஸ். விரல் நீட்டி எதையும் காட்ட மாட்டாள், உதட்டைக் குவித்துத்தான் திசை சொல்வாள். எங்கள் செரோக்கிப் பூர்வகுடி ஆட்கள் பலருக்கும் உள்ள பழக்கம்தான். ஆனால் இமோஜீனின் உதடு கிழக்கைக் காட்டுகிறதா, நாம் பேசியது பிடிக்கவில்லை என்று சொல்கிறதா என்று கண்டுபிடிக்கத் தனித் திறமை வேண்டும். பொக்லைனோடு தாய்மொழியில் பேசுவாள். மனிதர்களோடு எந்த மொழியிலும் அதிகம் பேசுவதில்லை. மதியம் பீன்ஸ் போட்ட சோள ரொட்டியும் உப்புப் பன்றிக் கொழுப்பும் அலுமினியத் தாளில் சுற்றி வைத்திருப்பாள். அதைத் தின்னும் அரைமணி நேரம்தான் அவளைப் பிடித்து உட்காரவைத்துப் பேச முடிகிற நேரம். அப்போதும் பேச்சு நாணலில்தான் போய் முடியும்.

நாணல் என்று நாங்கள் சொல்வது மூங்கிலுக்குச் சொந்தக்காரன். விரல் பருமன், நல்ல இடத்தில் இரண்டு ஆள் உயரம், குளிர்காலத்திலும் பச்சை. முன்பு ஆற்றோரமெல்லாம் காடாக நின்றதாம். மாடு மேய்ந்தது, ஏர் உழுதது, வீடு வந்தது. இப்போது அங்கங்கே ஒரு திட்டு. கூடை முடைகிறவர்கள் நல்ல தண்டுக்காகப் பக்கத்து மாநிலம் வரை வண்டி ஓட்டிப் போகிறார்கள். அதனால் எல்லோருக்கும் நாணல் நடும் ஆசை வந்துவிட்டது. யாருக்கு ஆசை வந்தாலும் கேட்பது இமோஜீனிடம். அவள் சொல்வது எப்போதும் ஒரே பதில்.

"வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

"மாடு இருக்கா?"

"நாலு."

"அப்ப நாணல் வைக்காத. குளிருக்கு ஊரே காஞ்சு கெடக்கும்போது அது ஒண்ணுதான் பச்சையா நிக்கும். ஒரே மாசத்துல மொட்டையடிச்சுரும். அடுத்த வருஷம் வேரும் போயிரும்."

மாடு இல்லாதவனுக்கு வேறு காரணம் இருக்கும். மரநிழல் அதிகம். இடம் சதுப்பு. "ஆத்தோரத்துல வளர்ற செடிதான். அதுக்காகக் காலை நாள் பூரா தண்ணியிலயே வெச்சுக்கிட்டு நிக்காது. நீ நிப்பியா?" எல்லாம் சரியாக இருந்தால் கேட்கிறவனே சரியில்லை என்பாள். "நீ மூணு வருஷம் பொறுப்பியா? போன வருஷம் வெச்ச ஆப்பிள் கன்னை ஆறு மாசத்துல புடுங்கிப் போட்டவன்தான நீ?"

புளோரிடாவிலிருந்து ஓய்வுபெற்று வந்த ஒரு அம்மா, தன் வீட்டுப் பின்புறம் இந்த மண்ணின் நாணலைக் காப்பாற்றி வளர்ப்பதாக எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இமோஜீன் போய் ஒரு தண்டைத் தடவினாள். "உறையெல்லாம் உதுந்து வழவழன்னு இருக்கு. கிளைக்கு மேல தண்டுல பள்ளம் ஓடுது. இது மூங்கிலும்மா. கடையில வாங்கினது. அடுத்த வருஷம் உங்க சமையலறைக்குள்ள வரும்." அந்த அம்மா அழுதுவிட்டார். ஆறுதலாக நாலு வார்த்தை சொல்ல வேண்டாமா? "புடுங்கறதுன்னா சொல்லுங்க, மூணு நாள் வேலை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

இப்படிப்பட்ட ஒருத்தியின் கையில்தான் எங்கள் சபையின் கல்லறைத் தோட்டம் வந்து மாட்டியது.

ஓடை வளைகிற இடத்தில் எங்கள் கோவில். கோவிலுக்கும் ஓடைக்கும் நடுவில் கல்லறைத் தோட்டம். மூன்று வருடத்துக்கு முன் செப்டம்பரில் எங்கோ கடலோரத்தில் அடித்த புயலின் வால் எங்கள் மலை மேல் ஒன்றரை நாள் நின்று பெய்தது. தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தோம். வேலி இல்லை. வேலிக்கு அப்பால் இருந்த புல்தரை இல்லை. ஓடை பன்னிரண்டு அடி உள்ளே வந்து, சுவர் மாதிரி செங்குத்தாக வெட்டிவிட்டுப் போயிருந்தது. முதல் வரிசைக் கல்லறைகளுக்கும் அந்த வெட்டுக்கும் நடுவில் பதினெட்டு அடி மீதி. நானே அளந்தேன். முதல் வரிசையில் என் அப்பா இருக்கிறார்.

சபையின் சொத்துக்குப் பொறுப்பாளர்கள் இரண்டு பேர், நானும் கார்லைலும். கார்லைல் வேகக்காரன், மனதில் ஒன்று நினைத்தால் மறுநாள் அது லாரியில் ஏறியிருக்கும். கற்சுரங்கத்தில் பேசி, கரையை அடியிலிருந்து மேல்வரை மூடப் பெருங்கல் ஏற்பாடு செய்துவிட்டான். கல்லை இறக்கி அடுக்க பொக்லைன் வேண்டும். பள்ளத்தாக்கில் பொக்லைன் இமோஜீனிடம்தான் இருக்கிறது.

ஞாயிறு ஆராதனை முடிந்து, சாப்பாட்டுக் கூடத்தில் கோழியும் முட்டைக்கோசும் காலியான பிறகு, பாஸ்டர் டென்டன் பேச்சை ஆரம்பித்தார்.

"சிஸ்டர் இமோஜீன், எப்ப வர முடியும்னு சொன்னீங்கன்னா..."

"வர முடியாது."

"வேலை இருக்குங்களா?"

"வேலை இல்ல. கல்லை அடுக்க மாட்டேன். இந்தப் பக்கம் மேல வரைக்கும் கல்லு போட்டீங்கன்னா தண்ணி முட்டித் திரும்பும். திரும்பி எங்க போகும்?"

கார்லைல் சிரித்தான். "எங்க போகும்னு எல்லாருக்கும் தெரியும். எதிர்க்கரையில உன் வீடு. உன் வீடு போயிரும்னு பயம். அதைச் சொல்லேன் நேரா."

"ஆமா, பயம்தான். அங்கதான நான் படுத்துத் தூங்கறேன். பயப்படக் கூடாதா?"

ஒத்துக்கொள்கிறவளோடு எப்படிச் சண்டை போடுவது?

"அப்ப என்னதான் செய்யணும்?" என்று நான் கேட்டேன். கேட்டதற்காக இன்றுவரை வருந்துகிறேன்.

"அடியில மட்டும் மூணு அடிக்குக் கல்லு. அதுக்கு மேல கரையைச் சரிச்சு வெட்டணும். சரிவுல நாணல் நடணும்."

முப்பது வருடமாக ஊரில் யாரையும் நாணல் நட விடாதவள் இதைச் சொல்கிறாள். கார்லைல் மேஜையைத் தட்டினான். "உலகத்துல எல்லாருக்கும் வேண்டாம், எங்களுக்கு மட்டும் வேணுமா?"

"இங்க மணல் கலந்த வண்டல். தண்ணி வந்தா வடிஞ்சிரும். வெயில் இருக்கு. மாடு இல்ல. செத்தவங்க பொறுமையா இருப்பாங்க. இதைவிட நல்ல இடம் நான் பாத்ததில்ல."

"சரிச்சு வெட்டறதுன்னா எவ்வளவு?" என்றேன்.

"மேல ஒம்பது அடி."

எனக்குக் கணக்கு புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பதினெட்டில் ஒன்பது போனால் ஒன்பது. கல்லறையைக் காப்பாற்ற வேண்டும் என்று கூப்பிட்டால், ஓடை வெட்டியதற்கு மேல் தானும் கல்லறைப் பக்கமாக வெட்டுவேன் என்கிறாள்.

"உனக்குப் பைத்தியமா?" என்று கத்திவிட்டேன். "உனக்கென்ன, வெட்டிட்டு மெஷினை எடுத்துட்டுப் போயிருவ. அங்க படுத்திருக்கறது என் அப்பா!"

இமோஜீன் காகிதத் தட்டை மடித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு எழுந்து போனாள். பூட்ஸ் சத்தம் வாசல் வரை கேட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் லெனோரா வண்டியின் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். பாதி தூரம் வந்ததும் கேட்டாள்: "உங்கப்பாவுக்கு இடது பக்கம் யாரு?"

யோசித்தேன். ஓடெல். இமோஜீனின் தம்பி. முப்பத்திரண்டு வயதில் மரம் வெட்டப் போன இடத்தில் மரம் சாய்ந்து செத்தவன். அவன் பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் நானும் ஒருவன்.

"அவ அதைச் சொல்லியிருக்கலாம்ல?" என்றேன் எரிச்சலாக.

"சொல்லலல்ல. அதான்" என்றாள் லெனோரா.

மறுநாள் இமோஜீன் வேலை செய்யும் இடத்துக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், ஆனால் அவளைப் பார்த்ததும் எரிச்சல்தான் முந்திக்கொண்டது. குழிக்குள் நின்றபடி நிமிர்ந்து பார்த்தாள். நட்டால் பிடிக்கும் என்று என்ன நிச்சயம் என்றேன்.

"நிச்சயம் ஒண்ணும் இல்ல."

"ஏற்கெனவே எங்கயாவது நட்டிருக்கியா?"

மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தாள். "ஒருக்கா. ஓடெல் செத்த வருஷம். நாப்பது மைல் தள்ளி ரோடு போடறாங்கன்னு ஒரு நாணல் காட்டை வழிச்சாங்க. எரநூறு கொத்து தோண்டிட்டு வந்தேன். வண்டியில மூடாம கொண்டாந்துட்டேன். வெயிலும் காத்தும். வீடு வந்து சேரும்போதே செத்துருச்சு, எனக்குத்தான் தெரியல. நட்டு, ரெண்டு வருஷம் தண்ணி ஊத்தினேன்."

"செத்ததுக்கா?"

"செத்ததுக்கு."

கல்லை மேல்வரை போட்டால் அப்பா பத்திரம், அவள் வீடு போகும். அவள் சொன்னபடி செய்தால் ஒருவேளை இரண்டும் நிற்கும், ஒருவேளை இரண்டும் போகும். இப்படி ஒரு விஷயத்தை ஒரு மனிதனிடம் கொண்டுவந்து கொடுப்பது நியாயமா? அடுத்த ஞாயிறு வாக்கெடுப்பில் கடைசிவரை கையை மடியிலேயே வைத்திருந்தேன். பாஸ்டர் இரண்டாம் முறை எண்ணும்போது தூக்கினேன். ஒரு கை வித்தியாசத்தில் அவள் சொன்னது நிறைவேறியது. கார்லைல் என்னோடு ஈஸ்டர் வரை பேசவில்லை.

அனுமதிக் காகிதங்கள் ஜனவரியில் வந்தன. பிப்ரவரி மூன்றாம் வாரம் கரையை வெட்டினாள். அன்று மட்டும் இறங்கிப் போய்க் குந்தவில்லை, ஒரு தண்டையும் முகரவில்லை. பொக்லைனின் கை முதல் வரிசைக்கு நேராக வந்தபோது நான் அப்பாவின் கல்லுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். ஏன் நின்றேன் என்று தெரியாது. என்மேல் மண் தெறித்தது. அவள் என்னை விலகச் சொல்லவில்லை. கரண்டியால் கேக்கை வெட்டுவது போலத் கொஞ்சங்கொஞ்சமாக, மாலைவரை, ஒன்பது அடி. அதற்கு மேல் ஒரு அங்குலம் இல்லை. நான் நாடா வைத்து அளந்ததை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

சனிக்கிழமை நடவு. வழக்கம்போல ஊர்கூடிச் செய்கிற வேலை, இருபத்தாறு பேர் வந்தார்கள். எங்கிருந்து நாணல் என்று கேட்டால் இமோஜீன் சொல்லவில்லை. விடிந்ததும் அவள் வண்டிக்குப் பின்னால் எங்கள் வண்டிகளை வரச் சொன்னாள். தன் வீட்டுக்குப் பின்னாலேயே போய் நின்றாள். வீட்டுக்கும் ஓடைக்கும் நடுவில், சாலையிலிருந்து தெரியாத, கோவில் பக்கம் விறகுக் கொட்டகையும் ஆப்பிள் மரமும் மறைத்த பள்ளத்தில், தானாக வளர்ந்த கால் ஏக்கர் நாணல். முப்பது வருடமாகப் பக்கத்தில் இருந்திருக்கிறது, ஒருவருக்கும் தெரியாது. கூடை முடைகிற பெண்கள் இரண்டு பேர் எங்களோடு வந்திருந்தார்கள். அவர்கள் அவளைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

"பாத்தீங்கல்ல. இப்ப தோண்டுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் படுத்திய பாடு! தண்டோடு வேர்க்கட்டை ஒரு முழமாவது வர வேண்டும். குட்டையாக வந்தால் திருப்பி அனுப்பினாள். பாஸ்டர் டென்டன் கொண்டுவந்த நாலு கொத்தையும் திருப்பி அனுப்பினாள். "இது பூச்செண்டு, பாஸ்டர். வேர் எங்க?" தோண்டிய உடனே ஈரச்சாக்கு. சாக்கின் மேல் இன்னொரு ஈரச்சாக்கு. ஓடையைச் சுற்றிக்கொண்டு பாலம் வழியாகக் கோவிலுக்கு வர ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடத்துக்கு வண்டியின் பின்னால் இரண்டு பேர் வாளியும் தண்ணீருமாக உட்கார வேண்டும். நடும் இடத்தில் ஒருவர் கையில் கொத்தோடு நின்று போட்டோ எடுக்கப் பார்த்தார். அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கிக் குழியில் வைத்து மூடிவிட்டு, "இப்ப எடுங்க, மண்ணை" என்றாள். மதியம் சாப்பாடு கொடுக்கவில்லை. நட்டு முடித்த பிறகுதான் சாப்பாடு. நூற்று நாற்பது கொத்து. மூன்றரை மணிக்கு ஆறிப்போன பீன்ஸ் ரொட்டி தின்றபோது, இனி ஆயுளுக்கும் இவளோடு எந்த வேலையிலும் சேர்வதில்லை என்று லெனோராவிடம் சத்தியம் செய்தேன்.

மார்ச் மாதம் இலைகள் வெளுத்தன. ஏப்ரலில் தண்டு முழுக்கப் பழுப்பு. "கல்லறைக்கு வைக்கோல் நட்டவங்க நாங்கதான்" என்று கார்லைல் பெட்ரோல் பங்கில் சொல்லிச் சிரித்தது எனக்கு எட்டியது. ஒவ்வொரு மழைக்கும் நான் போய் ஒன்பது அடியை அளந்தேன். இமோஜீனைக் கேட்டால், "இரு" என்பாள். எவ்வளவு நாள்? "இரு."

மே மாதக் கடைசி ஞாயிறு, கல்லறைகளைச் சுத்தம் செய்து பூ வைக்கும் நாள். வெளியூரிலிருந்து சொந்தமெல்லாம் வரும். அதற்கு முந்தைய வியாழக்கிழமை நான் புல்வெட்டும் மெஷினோடு போனேன். வரிசைகளைச் சுத்தம் செய்தேன். அப்பாவின் கல்லுக்கு அப்பால் அந்தப் பழுப்புக் குச்சிகள் எலும்பு மாதிரி நின்றன. வருகிறவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? மூன்று மாதத்து எரிச்சல் முழுவதும் கைக்கு வந்தது. மெஷினைத் தூக்கிக்கொண்டு இறங்கி, சரிவு முழுக்க மேலிருந்து கீழ்வரை மொட்டையாக வெட்டித் தள்ளினேன். மனதுக்கு அவ்வளவு சுகமாக இருந்தது.

மெஷினை அணைத்துவிட்டுக் குனிந்தபோதுதான் பார்த்தேன். பழுப்புச் சிராய்களுக்கு நடுவில் ஒரு பச்சைத் துண்டு. ஈட்டி முனை மாதிரி, சுண்டுவிரல் நீளம், வெட்டிய இடத்தில் ஈரம். பக்கத்தில் இன்னொன்று.

பாதிச் சரிவில் உட்கார்ந்துவிட்டேன். யாரிடமும் சொல்லாமல் இருக்கலாமா என்று நினைத்ததையும் இங்கே எழுதிவிடுகிறேன். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். அவள் ஒரு வீட்டில் குழாய் பதித்துக்கொண்டிருந்தாள். பூட்ஸ் மூழ்கும் சேற்றில் நின்றாள். சொன்னேன்.

திட்டுவாள் என்று தயாராக இருந்தேன், திட்டினால் நானும் நாலு வார்த்தை திட்டலாம்.

"எத்தனை?"

"என்ன எத்தனை?"

"குருத்து. எத்தனை வெட்டின?"

"எண்ணலையே."

"போய் எண்ணு."

திரும்பிப் போய், அறுபதை நெருங்கும் ஆள், கல்லறைத் தோட்டத்துச் சரிவில் முட்டிபோட்டு ஊர்ந்து, சிராய்களைக் கையால் விலக்கி எண்ணினேன். இரண்டு முறை எண்ணினேன். முப்பத்தேழு. மறுபடி வண்டி ஓட்டிப் போய்ச் சொன்னேன்.

இமோஜீன் குழாய்மேல் உட்கார்ந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள், கையில் இருந்த சேறு முகத்துக்கு வந்தது.

"முப்பத்தேழா? எல்லாம் செத்துருச்சுன்னுல்ல நெனச்சேன்."

"நீ இருன்னு சொன்னியே!"

"வேற என்ன சொல்றது உன்கிட்ட?"

வெட்டினால் வேர் சாகாது, அடுத்த வருடம் மறுபடி வரும், இனி அந்தப் பக்கம் மெஷின் கொண்டுவந்தால் என்னை அதே குழாய்க்குள் அடைத்துவிடுவாள் என்று சொன்னாள். சிரித்தாளா என்று தெரியவில்லை. முகம் முழுக்கச் சேறு.

அடுத்த வசந்தத்தில் அறுபத்தெட்டுக் கொத்து முளைத்திருந்தது. மீதி வரவே இல்லை. அதற்கடுத்த ஆண்டு இடுப்பு உயரம் வந்து, கொத்துக்குக் கொத்து வேர் ஓடி, நட்ட வரிசை எது என்று தெரியாமல் கலந்துவிட்டது. கார்லைல் வாய் திறக்கவில்லை, ஆனால் அவன் மாட்டை அவிழ்த்துவிடும் பக்கம் ஒரு கம்பிவேலி வந்ததைக் கவனித்தேன்.

இந்த அக்டோபரில் பழையபடி தண்ணீர் வந்தது. முன்னதைவிட ஒரு முழம் குறைவு என்றார்கள். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. கோவில் படியில் நின்று பார்த்தேன். நாணல் முழுவதும் ஓடையின் போக்கில் படுத்துவிட்டது. தண்ணீருக்கு மேல் இலைநுனிகள் மட்டும் நடுங்கின. போயிற்று என்று நினைத்தேன். இரண்டாம் நாள் தண்ணீர் இறங்கியதும் சேறு பூசிக்கொண்டு ஒவ்வொன்றாக நிமிர்ந்தது. நான் நாடாவோடு இறங்கினேன். கீழ் வரிசையில் ஏழெட்டுக் கொத்து போயிருந்தது. மேலே ஒன்பது அடி ஒன்பது அடியாகவே இருந்தது.

எதிர்க்கரையைப் பார்க்க எனக்குத் தைரியம் வரக் கொஞ்ச நேரம் ஆனது. இமோஜீனின் விறகுக் கொட்டகை இருந்த இடத்தில் வெறும் வானம். ஆப்பிள் மரம் வேரோடு கவிழ்ந்து கிடந்தது. அவளுடைய நாணல் பள்ளம் நின்றது. நாங்கள் தோண்டி எடுத்த ஓரத்தில் மட்டும் கரை பிய்ந்து, வீட்டின் பின்படிக்கும் ஓடைக்கும் நடுவில் நாலு எட்டு வைக்கும் தூரம்தான்.

கார்லைலும் வந்து என் பக்கத்தில் நின்று பார்த்தான். தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான்.

அவள் வீட்டில் இல்லை. எங்களுக்குக் கீழே, எங்கள் சரிவில், முழங்கால் சேற்றில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. பிய்ந்த கீழ் வரிசையில் வேர்க்கட்டைகள் காற்றில் வெளுத்துத் தொங்கின. தன் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக உள்ளே மடித்துவிட்டுச் சேற்றை அள்ளி அப்பிக்கொண்டிருந்தாள்.

"இமோஜீன்," என்று கார்லைல் கூப்பிட்டான். "உன் பக்கத்துக்குக் கல்லு கொண்டாரச் சொல்றேன். நாளைக்கே."

அவள் நிமிரவில்லை. வேருக்குத் தண்ணீர் ஊற்றிக் காலியான வாளியைப் பின்னால் கையெட்டி எடுத்து, திரும்பிப் பார்க்காமலே அவனிடம் நீட்டினாள்.